லாக்டேட் ஏன் ஏறியது?

குழந்தையின் ஈரத்துணியை உருவி, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் இருந்த வாளியில் போட்டேன். வாளி நிறைந்துவிட்டது. துவைக்க நேரமில்லை.

"அத்தை, ஒரு ஊக்கு குடுங்களேன். கடைசித் துணி, இடுப்புல நிக்க மாட்டேங்குது."

என் மாமியார் வளையலில் எப்போதும் ஒரு கொத்து ஊக்கு தொங்கும்.

"ஏன், கடையில விக்கலையா? எனக்குத் துணைக்கு வந்தியா, இல்ல உனக்குத் துணைக்கு நான் வந்து படுத்திருக்கேனா?"

காய்ச்சலில் ஆள் படுத்தாலும் அந்த நாக்கு படுக்கவில்லை.

குழந்தையை மடியில் போட்டுச் சுவரில் சாய்ந்தேன். எப்போது அசந்தேனோ!

"ஏம்மா இப்படி மூச்சு வாங்குது?"

நர்ஸின் குரலில்தான் விழித்தேன். அத்தை கட்டில் ஓரத்தில் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"காய்ச்சல்னா வாங்கத்தான் செய்யும். நீ ஊசியைக் குத்தும்மா."

ரத்தம் எடுத்துப் போன கொஞ்ச நேரத்தில் டாக்டரே ஓடி வந்தார். கூடவே என் வீட்டுக்காரர்.

"லாக்டேட் நாலு புள்ளி எட்டு. ரெண்டுக்குள்ள இருக்கணும். உடம்புக்கு ஆக்ஸிஜன் பத்தலைன்னா ரத்தத்துல சேர்றது இது. காய்ச்சலோட இவ்வளவு ஏறினா, கிருமி ரத்தத்துல கலந்துடுச்சோன்னு பயப்படணும். உயிருக்கே ஆபத்து."

பக்கத்தில் இருந்தும் தூங்கித் தொலைத்தேனே!

"மாடிப்படி ஏறினாலும், பாரம் தூக்கினாலும்கூட ஏறும். எங்கயாவது போனீங்களா?"

"எங்க போறது? இவதான் கண்ணைக்கூட மூடாம காவல் காத்தாளே!"

தூக்கிவாரிப்போட்டது. என்னை ஒரு நாளும் நல்லவள் என்று சொல்லாத வாய். நான் தூங்கினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததும் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

"அசையாம படுங்க. மறுபடி எடுத்துப் பாப்போம். குறையலைன்னா ஐசியூதான்."

காத்திருந்தோம். வீட்டுக்காரர் வராந்தாவுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். மறுபடி எடுத்ததில் ஒன்று புள்ளி ஆறு.

"எப்படிம்மா இப்படி இறங்குச்சு?" டாக்டர் முழித்தார்.

அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. அதற்குள் குழந்தை நனைத்துவிட்டான். கட்டிலடியில் குனிந்தால் வாளியைக் காணோம்.

"மொட்டை மாடியில ஒரு வாளி கிடக்கு, உன்னுதா பாரு," என்றாள் வார்டைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயாம்மா.

குழந்தையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடி. ஏறி முடிப்பதற்குள் எனக்கே இரைத்தது.

கொடி நிறைய என் பிள்ளையின் துணிகள். துவைத்து, உதறி, வரிசையாக. காற்றில் பறந்துவிடாமல் ஒவ்வொன்றிலும் ஓர் ஊக்கு.

இந்த மனுஷியைப் போய் நான் இத்தனை நாளும்...

"ஏம்மா, சீக்கிரம் இறங்கி வா!" படியிலிருந்து நர்ஸ் கத்தினாள். "மருமக எங்க போய்த் தூங்குறான்னு உங்க அத்தை சத்தம் போடறாங்க!"