முந்நூறு ரசிகர்கள்

சிதம்பரம் ஊரின் முதல் மெட்டல்கோர் ராக் இசை ஆல்பமான 'சங்காரம்' வெளியாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. அதில் தொண்டை கிழியக் கத்திப் பாடியவன் எழிலன். இப்போது இரண்டாவது ஆல்பத்தோடு, கடலூரில் சிடி போட்டுக் கொடுக்கும் அமலதாஸின் கடைக்கு வந்திருந்தான்.

"நேத்துதான் வேலைய விட்டுட்டு வந்தேண்ணே. இனிமே பாட்டுதான் சோறு போடணும்."

"மொதோ ஆல்பம் அவ்ளோ நல்லாவா போச்சு?"

"முந்நூறும் காலி! புரொபசர் ஒருத்தர், தமிழிசைக்கே இது திருப்புமுனைன்னு அரைமணி நேரம் பேசுனாரு. அஞ்சாவது பாட்டக் கேட்டு என் ஃப்ரெண்டு சுவேதா அழுதுட்டா. அவ அப்பா தெனம் கேக்கறாராம். நான்கூட ஒண்ண பிரிக்காம ஷோகேஸ்ல வச்சிருக்கேன்."

அமலதாஸ் தலையைச் சொறிந்தார். "குறைன்னு யாருமே சொல்லலியா?"

"என்னண்ணே குறை?"

"அந்த வாரம் பூரா கரண்டே இல்ல தம்பி. ஒரு சிடியிலகூட பாட்டப் பதிய முடியல. வெளியீட்டு விழா தேதி வேற நெருங்கிடுச்சா, வெறும் சிடியில லேபிள ஒட்டி அனுப்பிட்டேன். ஒங்கிட்டச் சொல்ல சங்கடமா இருந்துச்சு. பாட்டு வரலன்னு வர்றவங்களுக்கு மாத்திக் குடுக்கத்தான் அப்புறமா இதப் பதிஞ்சு வச்சேன்."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். தூசியைத் தட்டி எழிலன் எண்ணிப் பார்த்தான். முந்நூறும் அப்படியே இருந்தது.

அமலதாஸ் ஆர்டர் புத்தகத்தைப் பிரித்தார்.

"இந்தப் புது ஆல்பத்துக்குப் பாட்டும் பதியணுமா தம்பி, லேபிள் மட்டும் போதுமா?"