கறுப்புக் கட்டை

பாட்டின் மூன்றாம் அடியில் மறுபடியும் தவறியது.

இடது கைச் சுண்டுவிரல் அங்கே ஒரு கறுப்புக் கட்டைக்கு ஏறவேண்டும். ஏறாமல் பக்கத்து வெள்ளையில் விழுந்தது.

உள்ளறையில் கரண்டி தம்ளரைத் தட்டியது.

அவள் கைகளை எடுத்தாள். ஓசை அறுந்தது.

"எக்கா, போச்சு!" என்றாள் சுற்றுச்சுவருக்கு அப்பால் துணி துவைத்துக்கொண்டிருந்த பொன்மலர். "அண்ணாச்சி செவப்பு மை எடுத்துட்டாவ!"

அவள் சிரித்தபடி பாட்டின் தொடக்கத்துக்குத் திரும்பினாள்.

கொடைக்கானலில் பங்களாவொன்றைக் காலி செய்தவர்கள் விற்ற ஆர்கன் அது. அவளைவிடச் சில வயதே இளையது. மேலும் கீழுமாக இரண்டு வரிசைக் கட்டைகள். யாரோ சிகரெட்டை வைத்து மறந்த வடு ஒன்று மர ஓரத்தில். சுவிட்சைப் போட்டால் உடனே பாடாது. முதலில் ஓர் உறுமல், பிறகு சூடேறிய தூசியின் வாசனை, அதன்பின்தான் ஓசை. அந்த வாசனைக்காகவே சில நாள் அவள் வெறுமனே சுவிட்சைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பாள்.

இடது பாதத்துக்கு மரப் பெடல்கள். வெறுங்காலால் அழுத்தும்போது அதிர்வு முழங்கால்வரை ஏறும். வலது பாதத்துக்கு ஓசையைக் கூட்டிக் குறைக்கும் மிதி. அதை அவள் ஒருநாளும் பாதிக்கு மேல் அழுத்தியதில்லை. உள்ளறையில் தட்டுவது கேட்கவேண்டும்.

தனக்கென்று அவள் வாங்கிக்கொண்ட முதல் பொருள்.

தேவாலயத்துப் பெரிய ஆர்கன், அதை வாசித்துவந்த அவள் கணவருடையது. திருமணமான நாளிலிருந்து அதைத் துடைப்பதற்கு மட்டுமே அவளுக்கு உரிமை. ஆளில்லாத ஒரு வேளையில் அவள் வாசித்துப் பார்த்தபோது, அவர் கதவருகே நின்று கேட்டிருந்தார்.

"வெரலு இருக்கு ஒனக்கு. காதுதான் இல்ல."

பின்னொரு நாள் பக்கவாதம் அவருடைய வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோயிற்று. காதை விட்டுவைத்தது.

இடது கையில் ஒரு கரண்டி. எட்டும் தூரத்தில் எவர்சில்வர் தம்ளர். தண்ணீருக்குத் தட்டுவார். படுக்கை நனைந்தால் தட்டுவார். அவள் பிழையாக வாசித்தால் தட்டுவார். எல்லாவற்றுக்கும் ஒரே ஓசை. வாசிக்கும்போது கேட்டால் அது பிழைக்கு என்று அவள் பிரித்துவைத்திருந்தாள். அது பொய்த்ததில்லை. ஒருநாள் விளையாட்டாக, ஆர்கனிலிருந்த நடனத் தாளத்தை ஓடவிட்டு ஒரு பாமாலையை வாசித்தபோது, அவள் நிறுத்தும்வரை கரண்டி ஓயவில்லை.

ஒரு பாட்டு. ஒரேயொரு பாட்டு, ஆமென் வரை, தட்டு விழாமல்.

அவள் வேண்டியது அவ்வளவுதான்.

இரண்டாம் முறை, முதல் அடியிலேயே தட்டு விழுந்தது.

அங்கே பிழை ஒன்றும் இல்லை. வேகம் மிகுந்துவிட்டதோ என்று நிதானித்தாள். கைகளையே எடுத்துப் பார்த்தாள். அப்போதும் தட்டு நிற்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக, தாளம் குலைந்து விழுந்தது.

தாளம் தவறியறியாத கை அது.

சற்று முன்புதான் அவருக்குக் கஞ்சி ஊட்டித் தலையணையில் சாய்த்துவிட்டு வந்திருந்தாள். தொண்டையில் இறங்கி முடியும்வரை கூடவே இருக்கவேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். தினமும் இருப்பாள். இன்று அதற்குள் பாட்டு விரல்நுனியில் வந்து நின்றுவிட்டது.

வயிறு நிறைந்த மனிதருக்கு இவ்வளவு கோபமா என்று நினைத்துக்கொண்டாள்.

"இருங்க. இந்தத் தடவ பாருங்க" என்று உள்ளறையை நோக்கிக் குரல் கொடுத்தாள்.

தட்டு நின்றது.

மூன்றாம் முறை.

முதல் அடி.

இரண்டாம் அடி.

மூன்றாம் அடியில் சுண்டுவிரல் ஏறியது. கறுப்புக் கட்டை ஒரு தயக்கமும் இன்றிக் கீழிறங்கியது. கேட்டவுடன் தெரிந்தது, இதுதான் என்று. அவளுக்கும் காது இருந்தது.

நான்காம் அடிக்குக் கண்களை மூடிக்கொண்டாள். மேல் வரிசையில் வலது கை, கீழ் வரிசையில் இடது கை, பெடலில் பாதம். ஒன்றுக்காக ஒன்று காத்திராமல் மூன்றும் சேர்ந்து நடந்தன.

ஆமென்.

கடைசிக் கட்டைகளை அப்படியே அழுத்திப் பிடித்திருந்தாள். மூடிய இமைகளுக்குள் சூடாக நீர் திரண்டது.

சுவருக்கு அப்பால் ஈரக் கைகளின் கைதட்டல்.

"எக்கா! கடைசி வரைக்கும் ஒரு தட்டு கூட இல்லையே! பாஸ் போட்டுட்டாவளா அண்ணாச்சி?"

ஆமாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

சுண்டுவிரல் கறுப்புக் கட்டையைத் தொட்டது மூன்றாம் அடியில்.

தட்டு நின்றது அதற்கு முன்பே. அவள் ஒரு கட்டையையும் தொடாதிருந்தபோது.

வாய் திறந்தபடியே இருந்தது.

பியானோவாக இருந்தால் ஓசை தானே தேய்ந்து அடங்கியிருக்கும். ஆர்கனில் அப்படியில்லை. விரல் உள்ளவரை ஓசையும் உண்டு. விரலை எடுத்தால் அந்த நொடியே வீடு முழுவதும் நிசப்தமாகிவிடும். உள்ளறையும்.

"என்னக்கா, கைய எடுக்காம அப்படியே வச்சிருக்கிய?"

அவள் விரல்களை எடுக்கவில்லை.

வலது பாதத்தால் மிதியை, அது போகும் மட்டும் அழுத்தினாள்.