சூனியக்காரியின் ஐந்து கேள்விகள்

"அந்த மனுஷனை எதுக்கு இப்படி வறுத்தெடுக்கறே? உனக்கு அவர் என்ன கெடுதல் பண்ணினார்?"

கைபேசியில் நூலகர் பொரிந்து தள்ளினார். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"யாரைச் சொல்றீங்கக்கா?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதே. கரடியைத்தான்!"

நூலகர் நடத்தும் இணைய வாசகர் குழுவில் நாற்பது பேர். நாட்டார் கதை, மாயக்கதை, சமயம் பற்றிய நூல்களைப் படித்து அங்கே மோதிக்கொள்வார்கள். எவருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, புனைபெயர்தான். கண்ணாடிக் கடைக்காரி அங்கே 'சூனியக்காரி'. கரடி சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

இந்த மாதத்து நூல், நாட்டார் கதைகளில் வரும் அரக்கர்கள் எல்லாருமே தோற்றுப்போன மக்கள் ஒரு காலத்தில் கும்பிட்ட தெய்வங்கள் என்று வாதிடும் தடித்த ஆய்வு. கரடிக்கு அது வேதவாக்கு. சூனியக்காரி அதைப் பக்கம் பக்கமாகக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"காலையில அஞ்சு கேள்வி போட்டிருக்கே. 'போரையே பார்க்காத தீவுகளின் கதைகளில் அரக்கன் எப்படி வந்தான்?' இதுக்கு அந்தப் புத்தகத்தை எழுதினவரே முழிப்பார்! இதுல ஏழு மணிக்குள்ள அஞ்சுக்கும் விரிவா பதில் வேணும், இல்லேன்னா தோத்ததா ஒத்துக்கணும்னு கெடு வேற. இது வாசகர் குழுவா, நீதிமன்றமா?"

"கெடு இல்லாத விவாதம் ஊறுகாய்ப் பானை மாதிரிக்கா. ஊறிக்கிட்டே கிடக்கும்."

"தட்டறது சிரமமா இருக்கு, பேசி அனுப்பட்டுமான்னு பாவம் கேட்டார். அதுக்கும் முட்டுக்கட்டை போட்டே."

"குரல் பதிவு கூடாதுங்கறது குழுவோட விதி. விதிச்சது நீங்க."

"நாற்பது பேரும் பேச ஆரம்பிச்சா என் காது தாங்காதுன்னு போட்டேன். ஒருத்தருக்குத் தளர்த்தினா குடியா முழுகிடும்?"

"முழுகிடும். வளவளன்னு பேசிட்டுப் போயிடுவார். எழுதட்டும்."

"அவரைச் சேர்த்துக்கோங்கன்னு என் உயிரை எடுத்தவளே நீதான்! சேர்த்த நாள்லேருந்து அவர் கிழக்குன்னா நீ மேற்கு. போன வருஷம் இதே புத்தகத்தை நீ தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடலை? இப்போ திடீர்னு வேப்பங்காயா கசக்குதா?"

முன்னறையில் கண் பரிசோதனைப் பலகைக்கு எதிரே உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, கடைசி வரியில எறும்பு ஊருதே!"

"அது எழுத்துங்க. அப்படியே உக்காருங்க, வந்துட்டேன்."

நூலகரின் குரல் இப்போது தணிந்தது. "அவர் குழுவை விட்டே போறாராம். ஒன்பது மணிக்கு எனக்குத் தனியா எழுதியிருக்கார். 'என்னால முடியல. நான் போறேன்.' அவ்வளவுதான்."

"நாலே வார்த்தையா?" முதல் தடவையாக அவள் குரல் பிசிறியது.

"மனசு உடைஞ்சவர் நாலு பக்கமா எழுதுவார்? ஒரு மன்னிப்புக் கேளு. விஷயம் முடிஞ்சுபோகும்."

அவள் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு, அழைப்பைத் துண்டிக்காமலே குழுவுக்குள் போய் விறுவிறுவென்று தட்டினாள்: 'கரடி குகைக்குள் பதுங்கிவிட்டதாமே? முதல் கேள்விக்கே இப்படியென்றால், மீதி நான்கையும் பொம்மைக் கரடிக்கு அனுப்பியிருக்கலாம்.'

மறுமுனையில் நூலகருக்கு மூச்சு நின்று வந்தது. "அடிப்பாவி! ஏழு மணிக்கு அவர் போனா, அடுத்த நிமிஷம் உன்னையும் நீக்கிடுவேன்."

"நீக்குங்கக்கா. ஆனா ஏழு வரைக்கும் நான் இறங்கி வரமாட்டேன்."

நாலு மணிவரை கரடியிடமிருந்து சத்தமே இல்லை. நாலே முக்காலுக்கு முதல் பதில் வந்து விழுந்தது. கோபம் கொப்பளிக்கும் பத்து வரிகள். குழு கைதட்டியது. அவள் அதைப் படிக்கக்கூட இல்லை; வந்த நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டாள். இரண்டாவது வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடையைப் பூட்டிப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோது மூன்றாவது. இடைவெளி அரை மணி. நான்காவது பதினைந்தே நிமிடத்தில் வந்தது, 'சூனியக்காரிக்குத் துடைப்பம்தான் உண்டு, தர்க்கம் கிடையாது' என்ற வசவோடு.

பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும்படி அவள் சிரித்துவிட்டாள். நிறுத்தத்தில் இறங்கி, ஓட்டமும் நடையுமாக வீட்டை அடைந்தபோது ஏழுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

கூடத்தில் நின்ற அண்ணி, உதட்டில் விரலை வைத்து உள்ளறையைக் காட்டினாள். "மத்தியானத்துலேருந்து இதே கூத்துதான். கிட்டப் போனா கடிச்சுக் குதறறார்."

அவள் மெல்லப் போய்க் கதவோரம் நின்றாள். தங்கையின் காலடி கேட்டு, மின்பணியாளரான அண்ணன் கணினியை விட்டுத் திரும்பாமலே கத்தினான்.

"உள்ளே வராதே பாப்பா! இன்னும் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. யாரோ ஒரு சூனியக்காரி, என் பிராணனை வாங்கறா. ஒத்தைக் கையால தட்டி அவளுக்கு ஈடு குடுக்க முடியல!"

வேலையிடத்தில் நசுங்கி, அறுவைச் சிகிச்சை முடிந்த பின்னும், மருத்துவர் சொன்ன பயிற்சி ஒன்றைக்கூடச் செய்யாமல் 'இது செத்த கை' என்று நான்கு மாதமாக அவன் மடியில் போட்டுவைத்திருந்த வலது கை, விசைப்பலகையின் மேல் தடுமாறித் தடுமாறி ஓடிக்கொண்டிருந்தது.

சூனியக்காரி கதவோரம் நின்றபடியே கைபேசியை எடுத்து, ஆறாவது கேள்வியைத் தட்டத் தொடங்கினாள்.