என்தலோபி என்றால் என்ன?

"இதுகூடத் தெரியாம அகராதி ஆபீஸ் வேலைக்கு வந்துட்டியாம்மா?"

வேதியியல் பேராசிரியர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எதிரே இருந்த பெண் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வேலை பார்த்த அச்சகத்தை மூடியதிலிருந்து வேலை தேடிப் படியேறி இறங்கிக்கொண்டிருப்பவள், பாவம்.

இத்தனைக்கும், அதுவரை நன்றாகத்தான் போனது.

"என்தால்பி?"

"பொருளுக்குள்ள அடங்கியிருக்கிற வெப்பக் கணக்கு சார். வேதியியல்."

"என்டெலக்கி?"

"உள்ள இருக்கிற தன்மை முழுசா வெளிப்பட்ட நிலை. விதை மரமாகி நிக்கிற மாதிரி. தத்துவம்."

"என்தலோபி?"

அங்கேதான் மாட்டிக்கொண்டாள். வெகுநேரம் யோசித்துவிட்டு, "தெரியலை சார்" என்றாள்.

"ஊகமாவது சொல்லேன்."

"அகராதியில ஊகிச்சு எழுதக்கூடாதே சார்."

பேராசிரியருக்குச் சுருக்கென்றது. "சரி, வெளியில இரு."

கதவு சாத்தியதும், "வாய்தான் நீளம்" என்றார்.

பக்கத்திலிருந்த தத்துவப் பேராசிரியர் ஒத்து ஊதினார். "காலையில வந்தவங்க எல்லாம் கடகடன்னு அர்த்தம் சொன்னாங்களே! முதல்ல வந்த பையனையே எடுத்துடலாம்."

அகராதியின் பதிப்பாசிரியை இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். கேள்விகளைத் தயாரித்தவர் அவர்தான். பேனாவை மூடிவைத்தார்.

"அந்தச் சொல்லுக்குச் சரியான அர்த்தம்தான் என்ன சார்?"

வேதியியல் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு எங்கே தெரியும்? ஏதோ தத்துவச் சமாச்சாரம் என்று நினைத்து, காலையிலிருந்து எல்லோருடைய பதிலுக்கும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அது... சாரோட பாடமாச்சே. அவரே சொல்லட்டும்."

தத்துவப் பேராசிரியர் பதறினார். "என் பாடமா? உங்க வேதியியல்னு நெனச்சுல்ல நான் மார்க் போட்டேன்!"



"ரெண்டு பேர் பாடமும் இல்ல" என்றார் பதிப்பாசிரியை. "அப்படி ஒரு சொல்லே கிடையாது. நானா உண்டாக்கினது. தப்பா ஒரு அர்த்தம் அச்சேறிட்டா, படிக்கிறவங்க அதை வேதவாக்கா எடுத்துக்குவாங்க. அதான், தெரியாதுன்னு சொல்ற ஒரு ஆளைத் தேடினேன்."



வேதியியல் பேராசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது. மெல்ல எழுந்துபோய் அவரே கதவைத் திறந்தார்.

"உள்ள வாம்மா. வேலை உனக்குத்தான். அந்தச் சொல்லு... எங்களுக்கும் தெரியாதும்மா."