நெட்வொர்க் போன புருஷன்

மொட்டை மாடியில் சாருலதா தன் புருஷனின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அறிவுக்குச் சிரிப்பை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. சாருவின் தோழி செல்போனில் படம் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

கீழ்வீட்டுப் பொன்மணி காய்ந்த துணியையே இன்னொரு தடவை உதறிக் கொடியில் போட்டாள். பாதிக் காட்சியில் இறங்கிப்போக யாருக்கு மனசு வரும்? அதுவும் வக்கீல் ஆபீஸ் வரை போன ஜோடி இது.

கோபித்துக்கொண்டு ஆதம்பாக்கத்தில் அம்மா வீட்டோடு போய் இருந்த சாருலதா, போன மாதம்தான் பெட்டியும் கையுமாகக் கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டுக்குத் திரும்பியிருந்தாள். அறிவு தரமணிக்கு ஆபீஸ் பஸ் ஓட்டுகிறவன். அன்றைக்கு பஸ்ஸை நடுத்தெருவில் அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து பெட்டியை வாங்கினான். பின்னால் ஆட்டோக்காரர்கள் அடித்த ஹாரன் அவனுக்கு நாதஸ்வரமாகக் கேட்டிருக்கும்.

"போட்டோல்லாம் எதுக்கும்மே?" என்றாள் பொன்மணி.

"அழகிப் போட்டிக்குக்கா. ஆல் இண்டியா லெவல். கல்யாணம் ஆயி, புருஷனோட இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். தி. நகர்ல நான் வேலை செய்யற நகைக்கடை ஓனரம்மாதான் அனுப்புறாங்க."

பொன்மணி அவளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். "தண்ணி லாரி வந்தா எல்லாரையும் தள்ளிட்டு மொத கொடத்தை வைப்பியே, அந்த நடையை நடந்து காட்டு. கிரீடம் உனக்குத்தான்."

சர்க்கரை கேட்கிற சாக்கில் சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள் பொன்மணி. குதிகால் செருப்பைப் பார்த்தாயிற்று, முகப்பூச்சு டப்பாக்களை முகர்ந்தாயிற்று. கதவுக்குப் பின்னால் அந்தப் பெட்டி இன்னும் அப்படியே நின்றது.

"இன்னா, பெட்டியை இன்னும் பரண்ல ஏத்தலையா?"

"போட்டிக்கு டெல்லி போவணும்ல" என்று அறிவே முந்திக்கொண்டு பதில் சொன்னான். சாருலதா முகப்பூச்சு டப்பாக்களை மூடி அடுக்கினாள்.

வாசலில் அவனைத் தனியாகப் பிடித்தாள் பொன்மணி. "நைனா, நல்லா ரோசனை பண்ணிக்கோ. ஜெயிச்சா தலையில கிரீடம் வெப்பாங்க. கிரீடம் வெச்சவ வந்து உன் காக்கிச் சட்டையைத் தொவைப்பாளா? பாம்பே, டெல்லின்னு பறந்துருவா. தோத்தா ஊட்டுக்கு வருவா."

"சும்மா இருக்கா" என்று சிரித்து மழுப்பினான். ஆனால் மறுநாள் பிள்ளையாருக்கு அவன் தேங்காய் உடைத்தபோது பொன்மணியும் பின்னால்தான் நின்றிருந்தாள்.

"தோக்கணும் சாமி. அவ ஊட்டோட இருந்தா போதும்."

காதில் விழாத மாதிரி திருநீறு பூசிக்கொண்டாள் பொன்மணி. பொழுது சாய்வதற்குள் பிளாக் முழுக்க அவன் வேண்டுதல் தெரிந்துவிட்டது.

இறுதிச் சுற்றன்று பொன்மணி வீட்டு டிவி முன்னால் பிளாக்கே கூடியது. சாருலதா கடைசி ஐந்து பேரில் நின்றாள். தண்ணி லாரி நடையைக் கிண்டல் செய்தவர்கள் எல்லாம் "நம்ம சாரு, நம்ம சாரு" என்று கை தட்டினார்கள்.

ஐந்து பேரின் புருஷன்மார்களையும் வீடியோ காலில் கூப்பிட்டு மேடைத் திரையில் பேச வைத்தார்கள். அறிவு தன் வீட்டில் செல்போனைத் தண்ணீர் கேன்மேல் சாய்த்துவைத்து எதிரே உட்கார்ந்திருந்தான். பொன்மணி டிவியை விட்டுவிட்டு மாடியேறி அவன் கதவோரம் வந்து நின்றாள். நேரில் பார்க்கிற மாதிரி வருமா?

"சார், உங்க மனைவி ஜெயிச்சா என்ன பண்ணுவீங்க?" டெல்லியிலிருந்து ஒரு பெண் தமிழிலேயே கேட்டாள்.

அறிவு வாயைத் திறந்தான். கதவோரம் பார்த்தான். பொன்மணி கையைப் பறவை மாதிரி விரித்துக் காட்டினாள். அவ்வளவுதான். பாதி திறந்த வாயோடு அப்படியே சிலையாகிவிட்டான். கண்கூடச் சிமிட்டவில்லை.

"சார்? கேக்குதா சார்? நெட்வொர்க் போயிடுச்சு போல..."

சாருலதா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்தவளின் புருஷனைக் கூப்பிட்டார்கள். அவன் பாட்டே பாடினான். கிரீடம் அவளுக்குப் போனது, சாருவுக்குக் கடைசி இடம்.

"கில்லாடிடா நீ!" என்றாள் பொன்மணி. அறிவு அப்போதுதான் மூச்சு விட்டான்.

மறுநாள் சாருலதா திரும்பியபோது பிரியாணி வாங்கி மூடிவைத்திருந்தான். வந்ததும் வராததுமாய் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறினான். "இனிமே இது பரண்லயே கெடக்கட்டும்."

"கீழ வை" என்றாள் சாருலதா. அலமாரியில் மிச்சமிருந்த புடவைகளை எடுத்து அதே பெட்டிக்குள் வைத்தாள். "வக்கீலுக்குப் போன் பண்ணிட்டேன். திங்கக்கெழமை கையெழுத்து போட வந்துரு."

அறிவு ஸ்டூலிலேயே நின்றான். "தோத்துட்டியே சாரு. அப்போ ஊட்டோடதானே இருக்கணும்?"

அடுப்பில் பால் வைத்திருப்பது கதவோரம் நின்ற பொன்மணிக்கு நினைவு வந்தது. கால்தான் நகரவில்லை.

"போட்டிக்காகத்தான்யா வந்தேன். நீ செலை மாதிரி உக்காந்திருந்தப்ப, பின்னால செவுத்துல ஃபேன் காத்துல காலண்டர் ஆடிக்கினு இருந்துச்சு." குரலில் கோபம்கூட இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"ஜெயிச்சவ ஒரு வருசத்துக்குப் புருசனை வுட்டுப் போகக் கூடாதுய்யா, அதான் ரூலு."