ரயிலில் வந்த வீடு

"எண்பத்தாறு நாள்!" கடைசி ஆணியை அடித்துவிட்டு ஏணியிலிருந்து குதித்தான் யோசெப். "லுட்மிலா, வந்து கதவைச் சாத்திப் பாரு!"

லுட்மிலா கைக்குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கதவைத் தள்ளினாள். அது 'டக்'கென்று போய்ப் பொருந்தியது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கோ ஆயிரம் மைலுக்கு அப்பால் அறுத்த மரம். மயிரிழை இடைவெளிகூட இல்லை.

1915 ஆகஸ்டில் சிகாகோவை விட்டு இங்கே வந்தபோது வெறும் புல்வெளிதான். மனைகளைக் குறித்த முளைக்குச்சிகள் மட்டும் நின்றன. டிராம் நிற்கும் இடத்திலிருந்து அவற்றை எண்ணிக்கொண்டே போன யோசெப், "இதுதான் நம்ம மனை" என்று ஓரிடத்தில் கூடாரத்தை இறக்கினான்.

பிறகு ரயிலில் ஒரு சரக்குப் பெட்டி நிறைய வீடு வந்தது. புத்தகத்தில் படம் பார்த்து, தபாலில் பணம் அனுப்பி வாங்கிய வீடு. உத்தரம், பலகை, ஜன்னல், படிக்கட்டு, பெயின்ட், ஆணி. மரத்துண்டு ஒவ்வொன்றிலும் ஒரு எண். ஆறு வருடச் சேமிப்பு மொத்தமும் அதில் போயிற்று. பனி விழுவதற்குள் கூரை ஏறாவிட்டால், குழந்தையோடு கூடாரத்தில்தான்.

கூரை ஏறிவிட்டது. அதில் பாதி ஹால்வரின் உழைப்பு. டிராம் ஓட்டுபவர், தனிக்கட்டை. பாதிச் சுவர் எழும்பியிருந்த ஒரு மாலையில் வந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆணிப்பெட்டிக்குள் குழந்தை தூங்க, லுட்மிலா தனியாகப் பலகை தூக்கிக்கொண்டிருந்தாள். ஹால்வர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, பலகையின் மறுமுனையைப் பிடித்தார். அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் வந்துவிடுவார். இன்றும் வந்து வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன ஹால்வர், வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கறீங்க? ஈ போயிடப் போகுது," என்றாள் லுட்மிலா.

"தபால் போட்டா வீடு வருமான்னு டிப்போவுல சிரிச்சாங்கம்மா. வந்து நிக்குதே!"

"வந்தது பெரிசில்ல. இவன் ஒழுங்காக் கோத்ததுதான் அதிசயம். முதல் வாரம் சமையலறைச் சுவரைத் தலைகீழா நிறுத்தினானே!"

"ஒரே ஒரு தடவை!" யோசெப்புக்கு ரோஷம் வந்தது. "அதுக்கப்புறம் நான் ஒரு எண்ணாவது தப்பவிட்டேனா?"

மூவரும் புது வீட்டுத் தரையில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். மரவாசனை மூக்கை நிறைத்தது.

"நாளைக்கு நடைபாதை போட அளக்க வர்றாங்களாம்," என்றான் யோசெப்.

ஹால்வர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீங்களும் இங்கேயே வந்துடுங்க," என்றாள் லுட்மிலா. "பக்கத்து மனை காலியாத்தானே கெடக்கு? நீங்களும் ஒரு வீட்டைத் தருவிச்சுப் போடுங்க. நாங்க ரெண்டு பேரும் கூட நின்னு கட்டித் தர்றோம். அப்படியே ஒரு பொண்ணையும் பாத்துடலாம்!"

"பொண்ணு கெடக்கட்டும். வீடு நெசமாவே கட்டித் தருவீங்களா?"

"சத்தியமா!"

ஹால்வர் சுவரை ஒரு முறை தடவிப் பார்த்தார்.

"அப்போ காலைல முதல் வேலையா, நாம ரெண்டு பேரும் பத்திரத்தை மாத்தி எழுதிக்கணும். அந்தக் காலி மனைதாம்மா உங்களோடது. இந்த வீடு நிக்கிற மனை என்னோடது."