ஜெரின் பார்த்த கூரை

பூட்டிக் கிடந்த அந்தப் பழைய மலை ஹோட்டலைப் படமெடுக்கப் போன ஜெரின், பால்கனிக் கைப்பிடி உடைந்து கீழே நடனக்கூடத்தில் விழுந்து செத்துப்போனான். மறுமாதம் அவன் அம்மா ஸ்டெல்லா, அன்று கூடப் போயிருந்த ஷாகுலை அழைத்துக்கொண்டு அங்கே வந்தாள். அந்தக் கட்டடத்தை வாய்விட்டுச் சபிக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"எந்த இடம்ப்பா?"

ஷாகுல் காட்டினான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தத் தூசியிலேயே மல்லாந்து படுத்தாள்.

"ஐயோ ஆன்ட்டி, எழுந்திருங்க."

கூரையின் வண்ணக் கண்ணாடிகள் வழியாக வெயில் இறங்கி, அவள் புடவையெல்லாம் நீலமும் சிவப்புமாகக் கிடந்தது.

"விழுந்தப்புறம் உயிர் இருந்துச்சா?"

"கொஞ்ச நேரம். மேலயே பார்த்துட்டிருந்தான்."

அவளும் அந்தக் கூரையையே கண் எடுக்காமல் பார்த்தாள். பிறகு ஜெரினிடமே சொல்வதுபோல், "என்னையும் கூட்டிட்டு வந்திருக்கலாமேடா," என்றாள்.